களத்துக்குப் போட்ட முதல் கையெழுத்து

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அச்சடித்துக் கொடுக்கிற நோட்டீஸ் ஒன்றுக்கும் உதவாது. வழுவழுப்பான தாள். வடை வைத்தால் எண்ணெயை உறிஞ்சாது. அடுப்புப் பற்றவைக்கலாம் என்றால் கரும்புகை கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். அரிசிப் பானையை மூடி வைத்தால் அவர் கும்பிட்டபடி நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் எங்கள் தெருவில் அது வந்த அன்றைக்கே வாய்க்காலுக்குப் போய்விடும். தண்ணீரிலும் கரையாது. மடையில் போய் ஒட்டிக்கொள்ளும். மண்வெட்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

போன மாசியில் வந்த நோட்டீஸை மட்டும் நான் வாய்க்காலுக்கு அனுப்பவில்லை. முழுக்க வாசித்தேன். ஊரிலேயே அதை முழுக்க வாசித்தவள் நான் ஒருத்திதான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, எனக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். அதிலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனது போக மிச்சம்தான் பள்ளிக்கூடம். பிறகு உபதேசியார் வீட்டம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எங்களைக் கோவில் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்லுவோம். அந்த விரல்தான் எனக்கு இன்றைக்கும். வேகமாக வாசிக்கிறவர்கள் பாதி எழுத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்குத் தாண்டத் தெரியாது. ஒவ்வொரு எழுத்திலும் நின்றுதான் போக வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது, கட்சித் துண்டு போட்ட இரண்டு பேர் வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். நான்கு பக்கம். பக்கத்துக்கு ஒரு கும்பிடு. மேலே பெரிய எழுத்தில், சட்டமன்றத்தில் உங்களுக்காக நான், என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அதை வாசிக்கவே எனக்குக் காப்பி ஆறிவிட்டது.

என் தம்பி பெண்டாட்டி பக்கத்து வீடு. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என்னை மைனி என்பாள். மூன்றாம் நாளும் நான் அந்தத் தாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சுவருக்கு மேலே எட்டினாள்.

"என்ன மைனி, இன்னுமா அத வச்சிக்கிட்டு இருக்கிய? பரிச்சைக்காப் படிக்கிய?"

"நீயும் வாங்கினேல்லா? அதுல என்னட்டி இருக்கு, சொல்லு பாப்போம்."

"அவரு படம் இருக்கு. மொதப் பக்கத்துல தல நரைச்சிருக்கு. மூணாம் பக்கத்துல மை அடிச்சிருக்காரு."

அவள் சொன்னது சரிதான். நான் பிறகு பார்த்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறிய சட்டங்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு திருத்தம். பல்கலைக்கழகத்துக்கு ஒரு திருத்தம். கடை உரிமத்துக்கு ஒரு திருத்தம். எதைத் திருத்தினார்கள், முன்னால் என்ன கோணலாக இருந்தது, அது எங்கேயும் இல்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரிதான். இச்சட்டமுன்வடிவை ஆதரித்து மேசையைத் தட்டி வரவேற்றேன். அடுத்ததிலும் அதே. அதற்கு அடுத்ததிலும் அதே. நடவுக்குப் போகிறவள் நாற்றைத் தொடாமல் வரப்பில் நின்று கையைத் தட்டிவிட்டுக் கூலிக்கு வந்து நின்றால் விடுவார்களா? அதற்கு மேல் வாசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. ஆரம்பித்ததை விட்டுப் பழக்கமில்லை.

நாலாம் நாள் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன எழுத்து. பயன்பாடின்றிக் கிடக்கும் ஊராட்சிப் பொது நிலங்களைத் திட்டங்களுக்கு ஒப்படைக்க வழி செய்யும் திருத்தச் சட்டம். இதற்கும் மேசையைத் தட்டியிருந்தார். அதோடு நிற்கவில்லை. இதன் முதற்பயனாக, ஊர் மக்கள் ஒருமனதாக அளித்த ஒப்புதலின்பேரில், என்று போட்டு எங்கள் ஊர்ப் பெயர். பெயருக்குப் பிறகு, மேற்குப் பொதுக்களம். அங்கே பேருந்து நிறுத்தமும் வணிக வளாகமும் வருகிறதாம்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். மறுபடியும் எங்கள் களம்தான் வந்தது.

அம்பாசமுத்திரம் ரோட்டுப் பக்கமாக இருக்கிற அது ஒன்றுதான் எங்கள் ஊருக்குக் களம். காரும் பிசானமும், இரண்டு போகத்து நெல்லும் அங்கேதான் காய வேண்டும். எனக்கு வாய்க்காலுக்குக் கீழே ஒரு துண்டு வயல். அந்த நெல்லும் அங்கேதான். காயாத நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கருவியைக் குத்திப் பார்த்துவிட்டு ஈரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்த நெல்லை வியாபாரி வாசலில் வந்து நின்று தன் வாய்க்கு வந்த விலைக்குக் கேட்பான். கொடுக்காவிட்டால் முளை விட்டுவிடும். களம் இல்லாதவன் விதைத்தும் பிரயோசனமில்லை, அவ்வளவுதான் விஷயம். கோவில் அசன விருந்துக்கு ஊரே சேர்ந்து சோறு வடிப்பதும் அந்தக் களத்தில்தான். அறுப்பில்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும். ஆடு மேயும். அப்படி ஒரு மாதத்தில் எவனோ ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, பயன்பாடின்றி, என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறான். சோறு ஆக்காத நேரத்தில் வந்து பானையைப் பார்த்துவிட்டு இது யாருக்கும் வேண்டாத பானை என்று தூக்கிப் போகிறவனை என்னவென்று சொல்ல.

அதைவிட என்னை உறுத்தியது ஒருமனதாக என்ற சொல்தான். யார் மனது? எப்போது கேட்டார்கள்?

ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க்கு சின்னப் பையன் மாதிரிதான் இருப்பான், கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கின்றன. முத்து முத்தான எழுத்து. அதனாலேயே எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கிராம சபை கூடினால் முதலில் எல்லாரும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தீர்மானத்தை அவன் பிறகு வீட்டில் உட்கார்ந்து அழகாக எழுதிக்கொள்வான். கூட்டத்தில் எழுதினால் அடித்தல் திருத்தல் வருமாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. என் கை ராசியான கை என்று ஊரில் ஒரு பேச்சு. அசனச் சோற்றுக்கு முதல் உப்பு நான்தான் போட வேண்டும். களத்தில் முதல் மரக்கால் நான்தான் அளக்க வேண்டும். அதேபோல் கிராம சபைப் புத்தகத்திலும் முதல் கையெழுத்து என்னுடையது. என் வயதுப் பெண்கள் எல்லாரும் பெருவிரலை மையில் முக்கி வைக்கிறவர்கள். நான் கையெழுத்துப் போடுகிறவள். பேனாவை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஊர் காத்திருக்க, ஒவ்வொரு எழுத்தாக நான் போடுவேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"புத்தகத்த எடு, தம்பி."

"எந்தப் புத்தகம் ஆச்சி?"

"தையில கூட்டம் போட்டோம்லா. அந்தப் புத்தகம்."

அவன் அலமாரிக்கும் எனக்கும் நடுவில் நின்றான். பிறகு எடுத்துவந்தான். முத்து முத்தாக எழுதியிருந்தது. மேற்குப் பொதுக்களம் பயன்பாடின்றிக் கிடப்பதால் திட்டத்துக்கு ஒப்படைக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதன் கீழே, கையெழுத்துகளுக்கெல்லாம் தலைமாட்டில், கோணலாக, பெரிதாக, என் பெயர்.

"இத நாங்க எப்ப பேசினோம்?"

"பேசல ஆச்சி. யூனியன் ஆபீசுலேருந்து எழுதி அனுப்பினாவ. நான் பாத்து எழுதினேன், அவ்வளவுதான். மேல இருந்து வாரத நான் என்ன செய்ய?"

"களத்துல ஒன் மாமனார் நெல்லும் காயுதுல்லா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தின் அட்டையைத் துடைத்தான். அதில் தூசி ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். கையில் ஒன்றும் படவில்லை. ஆனாலும் சோப்புப் போட்டுக் கழுவினேன். எம்.எல்.ஏ. மேசையைத் தட்டியதற்கும் நான் பேனாவைப் பிடித்ததற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை கழுவினேன்.

அடுத்த வாரம் எம்.எல்.ஏ.வே நேரில் வந்தார். நோட்டீஸில் போட்டதை வாயாலும் சொல்லுகிற கூட்டம். பந்தலை எங்கே போட்டார்கள் தெரியுமா? களத்தில். ஊரில் வேறு காலி இடம் ஏது? பச்சைக் கம்பளம் விரித்து, நாற்காலி போட்டு, பாட்டுப் போட்டார்கள். சுற்றிலும் வயலில் பிசானக் கதிர் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. இன்னும் இருபது நாளில் அறுப்பு.

அவர் பேசினார். சட்டமன்றத்தில் நம் ஊரின் பெயர் ஒலித்திருக்கிறது என்றார். இவ்வளவு அருமையான இடம் இத்தனை வருஷமாக வீணாகக் கிடந்ததே என்றார். அதற்கும் முன்வரிசையில் கை தட்டினார்கள். களத்தில் நெல் காயப்போடுகிறவர்களே தட்டினார்கள். எல்லாரும் தட்டுவதால் தட்டுகிறவர்கள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. நோட்டீஸ் மடியில் இருந்தது. கையைத் தூக்கினேன்.

கட்சிக்காரர் ஒருத்தர் ஓடிவந்தார். "மனுவா ஆச்சி? அங்கன பெட்டி இருக்கு, அதுல போடுங்க."

"மனு ஒண்ணும் இல்ல. அவரு எழுதினத அவருகிட்ட வாசிச்சுக் காட்டப் போறேன்."

மேடையிலிருந்து அவருக்குக் கேட்டுவிட்டது. சிரித்தார். "ஆச்சிகிட்ட மைக்கக் குடுங்கலே. நம்ம நோட்டீச வாசிக்க ஒரு ஆளாவது இருக்காவளே."

மைக்கைக் கொடுத்தார்கள். நான் விரலை வைத்துக் கூட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. பின்னால் சிரிப்பு கேட்டது. "ஏ ஆச்சி, விடியுததுக்குள்ள முடிச்சிருவியளா?" என்று ஒருத்தன் சத்தம் போட்டான். நான் அவசரப்படவில்லை. அவசரப்பட எனக்கு வராது. ஒவ்வொரு சொல்லும் தனியாக விழுந்ததால் ஒவ்வொன்றும் எல்லாருக்கும் கேட்டது. பொதுக்களம் என்று கூட்டி முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

"ஏலே, நம்ம களமாலே?" என்றது ஒரு குரல்.

"பெறவு எந்தக் களம்வே? இங்கன வேற எத்தன களம் கிடக்கு?"

நான் தாளை மடக்கினேன். "அய்யா, இதுக்கும் நீங்க மேசையத் தட்டினியளா?"

"எல்லாரும் தட்டினோம் ஆச்சி. நல்ல சட்டம்லா."

"தட்டுததுக்கு முன்ன வாசிச்சியளா?"

அவர் பக்கத்தில் இருந்த உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் காதில் ஏதோ சொன்னார். "அது பெரிய பொஸ்தகம் ஆச்சி. அதிகாரிய எல்லாம் பாத்திருப்பாவ" என்றார் எம்.எல்.ஏ. சொல்லும்போதும் முகத்தில் அதே சிரிப்பு, நோட்டீஸில் அச்சடித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்ன கேட்டாலும் கலையாது போல.

அப்போதுதான் அந்தக் கட்சிக்காரர் தைமாதத் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு வந்தார். "ஊரே ஒருமனதாக் குடுத்திருக்கு. மொதக் கையெழுத்து யாருதுன்னு பாருங்க. ஆச்சியோடது! வாசிக்காமயா போட்டிய ஆச்சி?"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. சில பேர் சிரித்தார்கள். தம்பி பெண்டாட்டி என் முந்தானையைப் பிடித்து, "உக்காருங்க மைனி, போதும்" என்றாள். இந்த ஊரில் இத்தனை வயதுக்கு என் கையெழுத்தைச் சொல்லி ஒருத்தர் சிரித்ததில்லை. முகமெல்லாம் எரிந்தது.

"ஆமா, வாசிக்காமத்தான் போட்டேன்" என்றேன். "தப்பு. நான் செஞ்ச தப்ப நான் சொல்லிட்டேன். இனி நீங்க சொல்லுங்க."

எம்.எல்.ஏ. மேடையிலிருந்து இறங்கி வந்தார். கையில் சரிகை போட்ட பொன்னாடை. நான் வாயைத் திறந்து, "களத்த விடுவியளா மாட்டியளா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதை என் தோளில் போர்த்திவிட்டார். கேமரா பளிச்சென்றது. மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள். பாட்டு ஆரம்பித்துவிட்டது. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அந்தச் சரிகை கழுத்தைக் கீறியது. ஊராட்சி அலுவலகக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்துக் களத்து முனையில் ஒரு பெரிய பிளெக்ஸ் கட்டினார்கள். அதில் நான். தோளில் பொன்னாடை, பக்கத்தில் அவர். பொதுநிலச் சட்டம் தந்த அண்ணாச்சிக்கு நன்றி தெரிவித்த மூதாட்டி, என்று போட்டிருந்தது. விரல் எட்டாத உயரம், இதையும் அண்ணாந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

தம்பி பெண்டாட்டி பக்கத்தில் வந்து நின்றாள். "வாயத் தொறந்து நன்றி சொல்லுத மாதிரியே இருக்கு மைனி."

"நான் என்ன கேட்டேன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரியும். ரோட்டுல போற பஸ்ஸுக்குத் தெரியுமா?" பிளெக்ஸ் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "கத்தி எடுத்துட்டு வரட்டா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். கிழித்தால் அதுவும் ஒரு படமாகிவிடும். நில அளவைக்காரர்கள் வந்து களத்தைச் சுற்றி நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிளெக்ஸைக் கிழித்தால் கல் போய்விடுமா?

பங்குனியில் அடுத்த கிராம சபை வந்தது. இந்தத் தடவை கூட்டம் நெரிந்தது. அறுப்புக்கு அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். கிளார்க்கு புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினான்.

"ஆச்சி, ஒங்க ராசிக் கையால மொதல்ல போட்டுருங்க. களத்த மீட்டுத் தரணும்னு நான் பெறவு விவரமா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. நான் பேனாவை வாங்கி மூடியைத் திருகி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்கன உக்காந்து எழுது. வேற பேனா எடுத்துக்கோ."

"நேரமாகும் ஆச்சி. அடித்தல் திருத்தல் வரும்."

"வரட்டும். அடி."

எழுதினான். என்னிடம் கொடுத்தான். நான் விரலை வைத்துச் சத்தமாகக் கூட்டினேன். வெயில் ஏறியது. பின்னால் ஒருத்தர் முனகினார். மேற்படி ஒப்படைப்பை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறது, என்று முடிந்தது.

"இதுல களத்தக் குடுக்க மாட்டோம்னு எங்கன இருக்கு?"

"அதுதான் ஆச்சி அர்த்தம். ஆபீசு எழுத்து இப்பிடித்தான் இருக்கும்."

"போன தடவையும் ஆபீசு எழுத்துதான். நாங்க வாயால சொல்லுதோம், அத எழுது."

அடித்துவிட்டு எழுதினான். இந்தக் களத்தில் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் காய்கிறது. இதை யாருக்கும் கொடுக்க ஊருக்குச் சம்மதமில்லை. முன்பு போட்ட கையெழுத்து வாசிக்காமல் போட்டது. கடைசி வரியை எழுத அவனுக்குக் கை வரவில்லை. அது இல்லாமல் கையெழுத்து விழாது என்று ஊரே சொன்ன பிறகு எழுதினான். நான் மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். யாரும் முனகவில்லை. ராசி கீசி எல்லாம் போதும் என்று சொல்லிவிட்டு, எல்லாரும் போட்ட பிறகு கடைசியில் போட்டேன். பக்கத்தின் அடியில் இடம் குறைவாக இருந்தது. எழுத்தைச் சுருக்கிப் போட வேண்டியதாகிவிட்டது.

அந்தத் தீர்மானத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. வந்தாலும் ஆபீசு எழுத்தில்தான் வரும். கல் நாலும் நட்ட இடத்தில் நிற்கின்றன. பிசானம் அறுத்தோம். கல்லைச் சுற்றியே நெல்லைக் காயப்போட்டோம். எனக்குக் கொள்முதலில் ஈரம் என்று சொல்லவில்லை.

பங்குனிக் காற்றில் பிளெக்ஸ் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. யாரோ அவிழ்த்துவந்து களத்தில் விரித்து அதன்மேல் நெல்லைக் கொட்டினார்கள். நல்ல கனமான சீலை, மண் ஒட்டாது. தம்பி பெண்டாட்டி, "பாதிய நீங்க எடுத்துக்கிடுங்க மைனி, ஒங்க படந்தான" என்று கூப்பிட்டாள். அவர் அந்தப் பாதியிலும் சிரித்துக்கொண்டுதான் கிடந்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. சாப்பிடுகிற நெல் அது. நான் தள்ளிப் போய், சாணி மெழுகின வெறுந்தரையில் என் மூட்டையை அவிழ்த்தேன்.